எண்ணிக்கையில் அடங்காத குற்றம்

1983-84 குளிர்காலத்தில், கனடாவின் கியூபெக் மாகாணத்து வடக்கில், சிசாசிபி என்ற கிரீ பழங்குடி ஊரின் வேட்டைக்காரர்கள் கரிபு மான்களைக் கண்டபடி சுட்டார்கள். லா கிராண்ட் ஆற்றில் கட்டப்பட்டுவந்த அணைகளுக்காகப் போட்ட சாலையோரம் மான்கள் கூட்டங்கூட்டமாக வந்து நின்றன. செய்தி ஊருக்கு எட்டியதும் பிக்கப் வண்டிகள் கிளம்பின. தூக்கிவர முடிந்ததைவிட அதிகமாகக் கொன்றார்கள். குண்டடி பட்டு ஓடியவற்றைத் தேடிப் போகவில்லை. உண்ணத்தக்க இறைச்சி பனியில் கிடந்து வீணாயிற்று.

உயிரியலாளரின் பேரேட்டில் இது ஒரு நஷ்டமே இல்லை. கியூபெக்-லாப்ரடார் தீபகற்பத்தில் அப்போது கரிபு பெருகிக்கொண்டிருந்த காலம். ஜார்ஜ் ஆற்று மந்தை ஒன்றிலேயே பல லட்சம் மான்கள். ஓர் ஊரார் ஒரு குளிர்காலத்தில் சுட்டது அந்தப் பெருந்தொகையில் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் ஊர்ப் பெரியவர்கள் அதைப் பெருங்குற்றமாகவே எடுத்துக்கொண்டார்கள். மான் குறைந்துவிடும் என்று அவர்கள் கணக்குப் போடவில்லை. அவர்கள் எதைக் குற்றம் என்றார்கள்?

இதற்கு விடை தேட நம் வாசகர் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த நமக்கு வேட்டை என்றால் இரண்டே படங்கள்: கொன்ற புலியின் மேல் காலை வைத்து நிற்கும் ஜமீன்தாரின் பழைய புகைப்படம், இல்லையென்றால் வனத்துறை பிடித்த கள்ளவேட்டைக்காரர் பற்றிய நாளிதழ்ச் செய்தி. கொல்லும் விலங்குக்குக் கொல்பவர் கடன்பட்டிருக்கிறார் என்ற எண்ணத்துக்கு இந்த இரண்டு படங்களிலும் இடமில்லை. அது நினைவில் வரும்போதும், எதையும் வீணாக்காமல் இயற்கையோடு ஒன்றி வாழும் பழங்குடி என்ற அஞ்சலட்டைப் படமாகவே வருகிறது. சிசாசிபியின் அந்தக் குளிர்காலம் அந்த அஞ்சலட்டையைக் கிழித்துப்போடுகிறது. அதனால்தான் அதைப் பற்றிப் பேசத் தோன்றுகிறது.

கரிபு என்பது ஐரோப்பாவில் பழக்கிய ரெயின்டீரின் காட்டு உறவு. ஆணுக்கும் பெண்ணுக்கும் கொம்பு உண்டு. ஜேம்ஸ் விரிகுடாவின் கிழக்குக் கரைக்கு அது 1910-களுக்குப் பிறகு பெருங்கூட்டமாக வரவேயில்லை. எழுபது ஆண்டு இடைவெளி. சிசாசிபி மக்களுக்குக் காட்டு வாத்து தெரியும், பீவர் தெரியும், ஆற்று மீன் தெரியும். கரிபு தாத்தாக்களின் பேச்சில் மட்டும் இருந்த விலங்கு. நடுவில் அவர்கள் வாழ்க்கையும் தலைகீழாகிவிட்டது. 1975-இல் அணைத் திட்டம் தொடர்பாக அரசோடு உடன்படிக்கை கையெழுத்தானது. 1980-81-இல் தீவில் இருந்த பழைய ஊரான ஃபோர்ட் ஜார்ஜை விட்டு ஆற்றங்கரைப் புதிய ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள். காட்டுக்குள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சாலை வந்தது. கரிபு திரும்பி வந்தபோது அதை எதிர்கொண்ட இளைஞர்களிடம் துப்பாக்கி இருந்தது, வண்டி இருந்தது. கரிபுவை எப்படிக் கொல்ல வேண்டும் என்பதைக் கூடநின்று காட்டிக்கொடுக்க ஆளில்லை.

கிரீ வேட்டையறம் பற்றி அட்ரியன் டானர், ஹார்வி ஃபீட், ஃபிக்ரெட் பெர்க்கெஸ் போன்ற ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் அவர்களோடு இருந்து எழுதியிருக்கிறார்கள். அடிப்படை நம்பிக்கை இது: வேட்டை பலிப்பதும் பலிக்காததும் விலங்கின் கையில். வேட்டைக்காரரின் திறமையால் விலங்கு அகப்படுவதில்லை. அது தன்னைக் கொடுக்கிறது. கொடுத்ததை வாங்கியவருக்குக் கடமைகள் உண்டு. விரைவாகக் கொல்ல வேண்டும். பெருமையடிக்கக் கூடாது, விலங்கைக் கேலி செய்யக் கூடாது. இறைச்சியை முறையாகச் சுமந்துவந்து பகிர வேண்டும். ஒரு துண்டு நெருப்புக்கு. எலும்புகளை நாய்க்குப் போடக் கூடாது. கரடியின் மண்டையோட்டை மரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். பீவரின் எலும்பு தண்ணீருக்கே திரும்பிப் போகும். குழந்தை நடக்கத் தொடங்கியதும் ஒரு விடியலில் அதைக் கூடாரத்துக்கு வெளியே முதன்முதலாக நடத்திக் கூட்டிப்போகும் சடங்கு இன்றும் உண்டு. பையன் கையில் பொம்மைத் துப்பாக்கி. வேட்டைக்குப் போய்வருவதுபோல் நடந்து, கொண்டுவந்ததைப் பெரியவர்கள் கையில் கொடுப்பான். பகிர்வுதான் முதல் பாடம்.

வழிபாட்டு விதிகளும் தொழில்விதிகளும் இதில் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. கரையோர வாத்து வேட்டைக்கு ஒரு தலைவர் உண்டு. காற்றில்லாத நாளில் சுடக் கூடாது என்பார். சத்தம் வெகுதூரம் போய்ப் பறவைகள் இடத்தையே விட்டுவிடும். இருட்டிய பிறகு சுடக் கூடாது. ஓரிடத்தில் வேட்டையாடினால் மறுநாள் வேறிடம். பீவர் பிடிக்கும் பரப்பும் அப்படித்தான், சில ஆண்டுகள் ஓய்வு கொடுத்துச் சுழற்சியாக. இதை மரியாதை என்று சொல்வதா, மேலாண்மை என்று சொல்வதா என்று வெளியாட்கள் விவாதிப்பார்கள். வாத்துத் தலைவருக்கு அந்தக் கேள்வியே புரியாது என்று நினைக்கிறேன்.

சிசாசிபிக்குத் திரும்புவோம். 1984 செப்டம்பரில், தீபகற்பத்தின் உட்பகுதியில் ஓடும் கனியாபிஸ்காவ் ஆற்றில் ஏறத்தாழ 10,000 கரிபுகள் மூழ்கி இறந்தன. மேலே நீர்மின் தேக்கம் இருந்தது. பெருமழைதான் காரணம் என்று ஒரு தரப்பும், தேக்கத்திலிருந்து திறந்த தண்ணீர் என்று பழங்குடித் தரப்பும் சொல்லிக்கொண்டன. அந்தக் குளிர்காலத்தில் சிசாசிபிக்காரர்கள் மறுபடி வண்டிகளில் சாலைக்குப் போனபோது மான் அங்கே அநேகமாக இல்லை. பலர் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

ஊரில் கூட்டம் போட்டார்கள். மிகவும் மதிக்கப்பட்ட பெரியவர்கள் எழுந்து எழுபது ஆண்டுக்கு முந்தைய கதையைச் சொன்னார்கள். 1910-களில், திரும்பத் திரும்பச் சுடும் துப்பாக்கி கைக்கு வந்த புதிதில், தீபகற்பத்தின் உட்பகுதியில் ஓர் ஆற்றுக் கடவில் மான்கள் திரளாகக் கடந்தன. வேட்டைக்காரர்கள் கட்டிழந்தார்கள். தேவைக்கு மிஞ்சிக் கொன்று, ஆறே பிணங்களால் கெட்டுப்போகும்படி விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு மான் வரவில்லை. என்றாவது ஒருநாள் திரும்பி வரும், அப்போது அதைச் சரியாக நடத்த வேண்டும் என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போனார்களாம். பெர்க்கெஸ் 1999-இல் வெளியிட்ட ‘சேக்ரட் எக்காலஜி’ நூலில் இதைப் பதிவுசெய்திருக்கிறார். இளைஞர்களைப் பெயர் சொல்லிக் குற்றம்சாட்டத் தேவைப்படவில்லை. கேட்டவர்களுக்குத் தங்கள் தாத்தாக்கள் செய்ததைத் தாங்களும் செய்துவிட்டோம் என்பது விளங்கியது.

1985-86-இல் மான் திரும்ப வந்தது. இம்முறை வேட்டைப் பரப்புகளின் பொறுப்பாளர்கள் கூடநின்று கவனித்தார்கள். வீட்டுக்கு ஏறக்குறைய இரண்டு மான் என்ற அளவில் முடிந்தது. வீணாக்கவில்லை, வெட்டிய இடங்களைச் சுத்தம் செய்தார்கள், இறைச்சி ஒழுங்காக ஊருக்கு வந்தது. அரசு ஆணையோ அபராதமோ இதில் கிடையாது.

மானே கோபித்துக்கொண்டு போய் மனம்மாறி வந்தது என்று நான் நம்புகிறேனா? இல்லை. கரிபு மந்தைகள் பனியின் ஆழத்தையும் மேய்ச்சலையும் பொறுத்து வழிமாற்றிக்கொள்பவை. ஒரு சாலைக்கு ஓராண்டு வராமல் போனதற்கு அதுவே போதும். ஆனால் என் நம்பிக்கை இங்கே பொருட்டில்லை. கவனிக்கவேண்டியது வேறு. புதிய கருவி ஒன்று வரும்போதெல்லாம் இந்த அறம் உடைந்திருக்கிறது: 1910-களில் துப்பாக்கி, 1980-களில் சாலையும் வண்டியும். மரியாதை இரத்தத்தில் ஊறியது, பழங்குடிக்கு இயல்பானது என்பவர்கள் இதைக் காணாமல் கடந்துவிடுகிறார்கள். சிசாசிபியில் அது ஒரு தலைமுறைக்குள் தொலைந்தது, ஒரு கூட்டத்தில் மீண்டது. இரண்டுமே மனிதர்கள் செய்தவை.

இன்னொரு சங்கடத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வடக்கு மானிடோபாவின் பாறைநாட்டுக் கிரீ மக்களைப் பற்றி ராபர்ட் பிரைட்மன் 1993-இல் எழுதிய ‘கிரேட்ஃபுல் ப்ரே’ என்ற நூல் பலருக்கு எரிச்சலூட்டியது. விலங்கு தன்னைக் கொடுக்கிறது. கொடுப்பதை மறுத்தால் அவமதிப்பு. முறையாக நடத்திய விலங்கு மீண்டும் பிறக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்து யோசித்தால், நிறையக் கொல்வதால் விலங்கு குறையும் என்ற முடிவு எங்கிருந்து வரும்? வராது என்கிறார் பிரைட்மன். எலும்பை நாய்க்குப் போட்டதால் குறைந்திருக்கலாம், அளவுக்கு மீறிப் பிடித்ததால் குறைந்தது என்று தோன்றாது. ரோம வணிகக் காலத்தில் வடக்கின் பல பகுதிகளில் பீவரும் பெருவிலங்குகளும் அருகிப்போனபோது இந்த நம்பிக்கை தடுத்துநிறுத்தவில்லை. வணிகக் கும்பினிகள் கடன் கொடுத்து, போட்டி போட்டுக்கொண்டு தோல் வாங்கியதை மறந்துவிட்டு கிரீ நம்பிக்கையை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை. ஜேம்ஸ் விரிகுடாக் கிரீ மக்கள் 1930-களில் தொடங்கிய பீவர் காப்பிடங்களில் பங்கேற்று விலங்கை மீட்டெடுத்தார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் பிரைட்மன் தொட்ட இடம் வலிக்கும் இடந்தான். மரியாதையும் சிக்கனமும் ஒன்றாகவே நடைபோடும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. 1984-இல் எண்ணிக்கைக்கு ஆபத்தில்லாதபோதும் மரியாதை கெட்டது. அதற்கு நூறாண்டு முன்னர் எண்ணிக்கை சரிந்தபோது மரியாதை கெடாமலேயே இருந்திருக்கலாம். இவை வெவ்வேறு கணக்குகள்.

மூன்றாவது கணக்கும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் தியோடர் ரூசவெல்ட் 1887-இல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் சங்கம் பரப்பிய நெறியின்படி, விலங்குக்குத் தப்பிக்க நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும். அடைத்துவைத்தும் கட்டிப்போட்டும் கொல்வது வேட்டையாகாது. இந்த நெறிக்கு ஒரு பிரபலமான காட்சி உண்டு. 1902 நவம்பரில் மிசிசிப்பி காட்டில் ரூசவெல்ட்டுக்கு ஒரு கரடியும் கிடைக்கவில்லை. வழிகாட்டி ஹோல்ட் காலியர், அடிமையாக இருந்து விடுபட்ட கறுப்பினத்தவர், ஒரு கரடியை மடக்கி, தன் நாய்களைக் காப்பாற்றத் துப்பாக்கிக் கட்டையால் அதன் மண்டையில் அடித்து, மரத்தில் கட்டிவைத்துவிட்டு ஜனாதிபதிக்குச் சொல்லியனுப்பினார். கட்டிப்போட்ட விலங்கைச் சுடமாட்டேன் என்று ரூசவெல்ட் மறுத்துவிட்டார். கிளிஃபர்ட் பெர்ரிமன் வரைந்த கேலிச்சித்திரம் அதை நாடறியச் செய்தது, டெடி கரடி பொம்மை பிறந்தது. சித்திரத்தில் இல்லாதது அடுத்த நிகழ்ச்சி: அடிபட்டுத் துடித்த கரடியை முடித்துவிடும்படி ரூசவெல்ட் சொன்னார், கத்தியால் கொன்றார்கள். அவர் காப்பாற்றியது தன் ஒழுக்கத்தை. 1909-இல் தொடங்கிய ஆப்பிரிக்கப் பயணத்தில் அவரும் மகன் கெர்மிட்டும் சுட்ட விலங்குகள் 512, பெரும்பகுதி அருங்காட்சியகத்துக்காக.

ஏளனம் செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. நியாயமான துரத்தல் என்ற நெறி இல்லையென்றால் வணிக வேட்டை அமெரிக்கக் காடுகளில் இன்னும் அதிகம் துடைத்திருக்கும். அந்தச் சங்கத்துக்காரர்கள்தான் சட்டங்களுக்காக வாதாடினார்கள். ஆனால் அந்த நெறி யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று கவனியுங்கள். வேட்டைக்காரர் எப்படிப்பட்டவர் என்பதுதான் அதன் அக்கறை. ஸ்பெயினின் தத்துவவாதி ஒர்தேகா இ காஸெத் 1942-இல் வேட்டை பற்றி எழுதியபோது இதை அதன் எல்லைவரை கொண்டுபோனார்: கொலை, வேட்டை நிகழ்ந்ததற்கான நிறைவு மட்டுமே, நோக்கம் வேட்டையாடுவதே என்பது அவர் வாதம். கிரீ பெரியவர் ஒருவருக்கு இது விளையாட்டுக்காக உயிரோடு மல்லுக்கட்டுவதாகவே தோன்றும்.

இந்த மோதலை மிகத் தெளிவாகக் காட்டுவது கனடாவின் யூக்கான் பிரதேசத்தில் குளுவேன் பழங்குடி மக்களிடையே மானிடவியலாளர் பால் நடாஸ்டி செய்த ஆய்வு. பொழுதுபோக்குத் தூண்டில்காரர்கள் மீனைப் பிடித்து, முள்ளைக் கழற்றி, உயிரோடு விட்டுவிடுவதைக் கருணை என்று நினைக்கிறார்கள். குளுவேன் பெரியவர்கள் அதை மீனோடு விளையாடுவது என்று கண்டிக்கிறார்கள். பந்தியில் உட்கார்ந்து, இலையில் விழுந்த சோற்றைக் கிளறிப் பார்த்துவிட்டு எழுந்துபோகிறவரை வீட்டுக்காரர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படி. மலையாட்டு வேட்டையிலும் இதே முட்டல். 1990-களின் நடுவில் ரூபி மலைத்தொடர் ஆடுகளைக் காக்க உயிரியலாளர்களும் குளுவேன் மக்களும் ஒரே குழுவில் உட்கார்ந்தார்கள். கொம்பு முழுச்சுற்று வந்த கிழட்டுக் கிடாவை மட்டும் சுடலாம் என்பது அரசு விதி. இனப்பெருக்கத்துக்கு அதனால் பெரிய இழப்பில்லை என்பது விதியின் தர்க்கம். பெரியவர்களோ, கிழக்கிடாக்கள்தாம் இளையவற்றுக்கு வழியும் வாழ்வும் கற்றுக்கொடுப்பவை, ஆசிரியர்களைப் பார்த்துப் பொறுக்கிச் சுடுகிறீர்கள் என்றார்கள். அதைக் கணக்கில் ஏற்ற வழி உயிரியலாளர்களிடம் இல்லை. கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நடாஸ்டி தனக்கே நடந்த ஒன்றையும் எழுதியிருக்கிறார். அவர் வைத்த கண்ணியில் சிக்கிய முயல் ஒன்று கம்பியை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. கழுத்தில் கம்பியோடு அது படும் வேதனையை நினைத்து அவர் வருந்தினார். அப்படி நினைப்பதே தவறு என்றார்கள் உள்ளூர்க்காரர்கள். கொடையின் குறையைக் கிளறுவது கொடுத்தவரை அவமதிப்பது. சில நாள் கழித்து அந்த முயல், கழுத்தில் அதே கம்பியோடு, அவர் குடிசைக்கே வந்தது. அவர் அதைக் கையில் எடுத்துக் கொன்றார். விலங்கின் வலிக்கு இரங்குவதே நம் காலத்து அறத்தின் அஸ்திவாரம். அந்த இரக்கமே மரியாதைக் குறைவாகிவிடும் ஓர் உலகம் இருக்கிறது என்பது எனக்கு இன்னும் செரிக்கவில்லை. இங்கே நான் அந்தப் பெரியவர்கள் பக்கம் முழுமையாக நிற்க முடியாது. குண்டடி பட்ட மானைத் தேடிப் போகாததைச் சிசாசிபி பெரியவர்கள் குற்றம் என்றபோது, அந்த மானின் வலியும் அவர்கள் கணக்கில் எங்கோ இருந்திருக்கும் என்று நம்பவே விரும்புகிறேன்.

கரிபுவின் பிற்காலக் கதை எந்தத் தரப்பையும் நிம்மதியாக விடவில்லை. 1990-களின் தொடக்கத்தில் 7 லட்சத்தைத் தாண்டியிருந்த ஜார்ஜ் ஆற்று மந்தை 2010-இல் 74,000 ஆனது, 2018-இல் 5,500. கரிபு மந்தைகள் பல பத்தாண்டு இடைவெளியில் பெருகிச் சுருங்குபவைதாம். ஆனால் இந்த அளவு வீழ்ச்சிக்கு மேய்ச்சல் நிலம் தேய்ந்தது, காலநிலை, ஓநாய், சாலைகள், வேட்டை எனக் காரணங்களை அடுக்குகிறார்கள். நியூஃபவுண்ட்லாந்து-லாப்ரடார் மாகாண அரசு 2013-இல் யாருமே சுடக் கூடாது என்று தடை விதித்தது. அங்கே வாழும் இன்னு பழங்குடி மக்களில் பலர் அதை ஏற்கவில்லை. அவர்களுக்குக் கரிபுவைக் கொடுப்பதும் நிறுத்துவதும் கரிபுவின் தலைவனான ஆவி. அமைச்சர் யார் நடுவில்? பிரைட்மன் சொன்ன முடிச்சு இங்கே உயிரோடு நின்றது. சில ஆயிரம் மான் மட்டும் மிஞ்சியிருக்கையில், கொடுத்ததை மறுக்கக் கூடாது என்ற விதியைப் பிடித்துக்கொள்வது ஆபத்தானது. அதை மரியாதையின் பெயரால்கூட ஏற்க முடியாது என்பதே என் எண்ணம். அதே வேளையில், 1980-களிலும் 90-களிலும் வெளியூர் வேட்டைக்காரர்களுக்குக் கொம்புக்காகக் காசுக்கு மான் காட்டிய தொழில் செழித்தபோது வாய்திறக்காத அரசுகள், வீழ்ச்சிக்குப் பிறகு இன்னு மக்களின் வேட்டையையும் தடைசெய்ததும் கண்ணை உறுத்துகிறது. மேற்கே இலை ஆற்று மந்தையை விளையாட்டுக்காகச் சுடுவதைக் கியூபெக் 2018-இல்தான் நிறுத்தியது. அதற்குள் 6 லட்சத்துக்கு மேல் இருந்த அதுவும் 2 லட்சத்துக்கு வந்துவிட்டது.

2013-இல் தீபகற்பத்தின் இனுயிட், இன்னு, நஸ்காபி, கிரீ மக்கள் ஒரே மேசையில் கூடினார்கள். முன்னே ஒருவருக்கொருவர் எல்லைத் தகராறு உள்ளவர்கள். 2017-இல் கரிபுவைக் காக்கவும் பங்கிடவும் ஒரு பொதுத் திட்டத்தை ஒப்புக்கொண்டார்கள். 2022-இல் கிரீ மக்கள், தங்கள் பக்கம் மான் அற்றுப்போன கியூபெக் இன்னு மக்களுக்குத் தங்கள் நிலத்தில் 300 மான் வரை வேட்டையாட இடம் கொடுத்து ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். சுருங்கிவரும் மந்தையிலிருந்து அண்டை வீட்டாருக்கும் பங்கு வைப்பது எண்ணிக்கை மேலாளருக்கு விபரீதமாகத் தெரியலாம். ஆனால் 300 என்று ஓர் எண்ணை எழுதிக் கையொப்பமிட்டவர்களும் அவர்களே. கொடுக்கும் விலங்குக்கு உச்சவரம்பு கட்டும் வழக்கம் பழைய அறத்தில் எங்கே இருந்தது என்று பிரைட்மன் போன்றோர் கேட்கலாம். இன்னு பெரியவர்களில் சிலர் கேட்கவும் செய்வார்கள்.